அஞ்சு மணிக்கு அமத்துகிறவர்

அவர் ரிட்டயர் ஆகிவிட்டார் என்று கேள்விப்பட்ட அன்று வீட்டிலிருந்த எல்லா லைட்டையும் போட்டேன். எல்லா ஃபேனையும் சுற்றவிட்டேன். பட்டப்பகல். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னாச்சு ஒனக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல, ஒரு சந்தோஷம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கல்யாணமான புதிதிலிருந்தே அந்த மனிதரைப் பற்றி நான் புலம்பக் கேட்டவர்தானே.

அருப்புக்கோட்டைக்கு வெளியே, கருவேலங்காட்டுக்கு நடுவில் ஒரு பொறியியல் கல்லூரி. நான் அங்கேதான் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்தேன். அந்த மனிதர் அங்கே எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். நரிக்குடிப் பக்கத்துக்காரர். நாமெல்லாம் சட்டைப் பையில் பேனா வைத்தால் அவர் டெஸ்டர் வைத்திருப்பார். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அந்தச் சத்தம் வராந்தாவில் கேட்டால் போதும், எங்கள் கண் தானாகச் சுவிட்சுப் பக்கம் போய்விடும்.

ஒரு அறைக்குள் வந்தால் மனிதர் முகத்தைப் பார்க்கமாட்டார். முதலில் கூரையைப் பார்ப்பார். ஓடுகிற ஃபேன் எத்தனை, எரிகிற லைட்டு எத்தனை, உட்கார்ந்திருக்கிற தலை எத்தனை என்று ஒரு கணக்கு. பிறகு சுவரோரம் போய் டப் டப்பென்று அணைப்பார். தூரத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவர் தன் தாளையெல்லாம் அள்ளிக்கொண்டு, மிச்சமிருக்கிற ஒரு ஃபேனுக்கு அடியில் வந்து ஒண்டிக்கொள்ள வேண்டும். யாராவது முகம் சுளித்தால், "யாரு வீட்டுக் கரண்டு?" என்பார்.

காரியாபட்டியில் எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். மண்டபத்தில் முதல் பந்தி எழுந்திருக்கிறது, இரண்டாம் பந்திக்கு இன்னும் இலை போடவில்லை. அந்த இடைவெளியில் இந்த மனிதர் போய்ச் சாப்பாட்டுக் கூடத்தின் மொத்த லைட்டையும் அணைத்துவிட்டார். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் அப்போதுதான் பாயசத்தை வாய்க்குக் கொண்டுபோயிருக்கிறார். "எவன்டா அது, எழவெடுத்தவன்!" என்று அவர் இருட்டுக்குள்ளிருந்து போட்ட சத்தம் மணமேடை வரை கேட்டது. இவர் அசையவில்லை. "ஆளில்லாத எடத்துல எதுக்கு லைட்டு?" என்று பெண் வீட்டாரிடமே நியாயம் பேசினார்.

இதுவரைக்கும் கேட்டால் சிரிப்பு வரும். எனக்கும் முதல் வருஷம் சிரிப்புத்தான் வந்தது.

அது நின்றது ஒரு சித்திரை மாதத்தில். செமஸ்டர் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ஹாலில் மேற்பார்வைக்கு நின்றவர் ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு ஆசிரியை. பையன்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மறுபக்கத்து ஃபேன்களையெல்லாம் இவர் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மா நடக்கிற பக்கம் முழுக்க அனல். பாதிப் பரீட்சையில் சரிந்து விழுந்துவிட்டார். நல்லவேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கிக்கொண்டு ஓடிய எங்களைப் பார்த்து இவர் என்ன சொன்னார் தெரியுமா? "சன்னலத் தொறந்து வச்சிருக்கலாம்ல?" அன்றிலிருந்து அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினேன். அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. என் தலையில்தான் பல்பு எரியவில்லையே!

இதற்கெல்லாம் அவரிடம் ஒரு தத்துவம் வேறு இருந்தது. "ஓய்வு குடுத்தாத்தாம்மா எதுவும் ஒழைக்கும்" என்பார். போர் மோட்டாருக்கு ஓய்வு, லிஃப்டுக்கு ஓய்வு, ஜெராக்ஸ் மிஷினுக்கு ஓய்வு. நாலு மணியானால் லிஃப்டை நிறுத்திவிடுவார். அதற்கப்புறம் மேல் மாடிகளுக்குத் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறவர் எங்கள் பெருக்குகிற அக்கா. அந்த ஊர் உப்புத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, கேன் வந்தே ஆகவேண்டும். ஒருநாள் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு படியில் கொஞ்சம் உட்கார்ந்திருக்க, இவர் வந்து, "என்ன ஒக்காந்துட்ட? வேல கெடக்குல்ல?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லிஃப்டுக்கு மட்டுந்தான் ஓய்வா சார்? அக்காவுக்குக் கெடையாதா?" என்று கேட்டேவிட்டேன். "லிஃப்டு கெட்டா ரிப்பேருக்கு ஆளு மதுரையில இருந்து வரணும்மா" என்று சொல்லிவிட்டுச் சாவியை ஆட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான் அந்த மனிதரின் இரக்கம். மிஷினோடு முடிந்துபோகும்.

இப்போது என் வேலையைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று புரியாது.

மடக்கினாலும் சுருட்டினாலும் கெட்டுப்போகாமல் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற ஒரு பட்டை செய்யப் பார்த்தேன். மணிக்கட்டில் கட்டுகிற மாதிரி மெல்லிய பட்டை. அருப்புக்கோட்டைத் தறியில் நெய்த பருத்தித் துணியை வாங்கி, கஞ்சி போக அலசி, அதன்மேல் மின்சாரம் கடத்துகிற ஒரு பாலிமரைப் படியவைப்பேன். அதுதான் எலக்ட்ரோடு. இரண்டு துணிக்கு நடுவில் கூழ் மாதிரி ஒன்றைத் தடவி, பிளாஸ்டிக் தாளுக்குள் ஒட்டி மூடினால் பட்டை தயார். இதில் ஒரே ஒரு வில்லங்கம். சார்ஜ் ஏறும்போது அந்தப் பாலிமர் உப்பும், இறங்கும்போது சுருங்கும். எங்கள் ஊர் பரளச்சியில் கரிசல் மண் மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்குமே, அதே கதைதான். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, கடைசியில் விரிசல் விட்டுப் பொரிந்து உதிர்ந்துவிடும். அதை உதிராமல் பிடித்து வைக்கிறதுதான் என் ஆராய்ச்சி. பாலிமருக்குள் மெல்லிய கார்பன் இழைகளைக் கலந்து பார்த்தேன்.

பிடித்து வைத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, பட்டையை ஒரு மிஷினில் மாட்டி, சார்ஜ் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அது சாகும்வரை ஓட்டுவது. மிஷின் தானாக ஓடிக்கொள்ளும். பக்கத்தில் ஆள் வேண்டாம். யாரும் அணைக்காமல் இருந்தால் போதும். அந்தக் கல்லூரியில் அது நடக்கிற காரியமா?

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லூரி பஸ்கள் கிளம்பும். அப்போது அவர் கட்டடம் கட்டடமாகப் போய் மெயினை இறக்கிக்கொண்டே வருவார். முதல்நாள் நான் வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றேன்.

"சார், இந்த மிஷின் ராத்திரியும் ஓடணும்."

"ராத்திரி இங்க யாரு இருக்கா?"

"யாரும் வேணாம் சார். அதுவா ஓடும்."

"ஆளில்லாத ரூமுல மிஷினு ஓடுமாக்கும்! யாரு வீட்டுக் கரண்டு?"

"ஆராய்ச்சி சார் இது."

"ஆராய்ச்சியும் அஞ்சு மணி வரைக்குந்தாம்மா. கெளம்பு, பஸ்ஸு நிக்காது."

டப். திரை கறுத்துவிட்டது. ஏறிக்கொண்டிருந்த சார்ஜ் பாதியில் நின்றுபோனது.

அவரை எதிர்த்துப் பேச ஒருவரும் இல்லை. கரண்டு பில் குறைந்ததில் நிர்வாகத்துக்கு அவர்மேல் அப்படி ஒரு பாசம். ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டலாம் என்றால் டீயும் குடிக்கமாட்டார். எனக்கு வழிகாட்டியான புரொபசர் சண்டை சச்சரவுக்குப் பயந்த மனிதர். "காலைல வந்து விட்ட எடத்துல இருந்து ஓட்டும்மா. கடைசில எல்லாத்தையும் சேத்து ஒரே கோடா வரைஞ்சுக்கலாம்" என்றார். அப்படித்தான் ஓட்டினேன். சாயங்காலம் அவர் அணைப்பார், காலையில் நான் வந்து போடுவேன். மாதக்கணக்கில் இதே கூத்து.

ஆனால் பட்டை எவ்வளவு சார்ஜைப் பிடித்து வைக்கிறது என்று காட்டுகிற அந்தக் கோடு அழகாக வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்கள் பட்டையெல்லாம் சறுக்குமரம் மாதிரி இறங்கும்போது என் பட்டை மட்டம் குறையாமல் போய்க்கொண்டே இருந்தது. புரொபசர் அந்தப் படத்தைத் தன் அறைக் கதவில் ஒட்டினார். ஒரு கட்டுரையும் வெளிவந்தது. காலையில் பட்டை கொஞ்சம் தெம்பாகவே ஆரம்பிப்பதைப் பார்த்துத்தான் இருந்தோம். வெயில் ஏறாத நேரம், அறை குளுமையாக இருக்கிறது, அதனால்தான் என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். எனக்குக் கொடுத்திருந்தது கடைசி நீட்டிப்பு. மார்கழிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து, படித்ததெல்லாம் பாழ். இந்தக் கோடு இருக்கும்போது எனக்கென்ன பயம்?

அப்போதுதான் புரொபசர் என் பட்டை ஒன்றை வெளியூரில் ஒரு பெரிய ஆய்வகத்துக்கு, அங்கேயும் ஓட்டிப் பார்க்கட்டும் என்று அனுப்பினார். ஒரு வாரத்தில் போன் வந்தது. "ஒங்க பட்டை செத்துப்போச்சும்மா. நீங்க எழுதுனதுல பாதிகூடத் தாங்கல." கூரியரில் சூடுபட்டிருக்கும் என்று இன்னொன்றை அனுப்பினோம். அதுவும் செத்தது.

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி. சாவிச் சத்தம். டப். அரையிருட்டில் அந்தக் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அங்கே அணைக்க ஆளில்லை, ராப்பகலாக ஓட்டியிருக்கிறார்கள். இங்கே என் பட்டை ஒவ்வொரு ராத்திரியும் படுத்துத் தூங்கியிருக்கிறது. உப்பின பாலிமர் இறுக்கம் தளர்ந்து, மறுநாள் காலையில் புதுசாக எழுந்திருக்கிறது. அது என் கார்பன் இழையின் பலம் இல்லை. இந்த மனிதர் தினமும் அணைத்த அணைப்பின் பலம். அடப்பாவி மனுஷா என்று வாய்விட்டே சொன்னேன். அவர் அதற்குள் கீழ்மாடிக்கு இறங்கியிருந்தார்.

இனி இடைவிடாமல் ஒரு பட்டையை ஓட்டி, அது உள்ளபடி எவ்வளவு தாங்குகிறது என்று காட்டினால்தான் எனக்குப் பட்டம். நேரே பிரின்சிபாலிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் எங்கள் அறைக்குத் தனி லைன், இன்வெர்ட்டர் எல்லாம் கொடுத்து, யாரும் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார். அந்த லைனைப் போட வந்தபோது சூப்பர்வைசர் கட்டிங் பிளேயரைத்தான் கடித்துத் தின்றுவிடுவதுபோல் பிடித்திருந்தார். கதவில் கொட்டை எழுத்தில் 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன்.

மிஷின் ராப்பகலாக ஓடியது. கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கட்டும், உண்மையாக இறங்குகிறதே என்று இருந்தது. சொல்லப்போனால் கார்பன் இழை கலக்காத பட்டையைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் இறங்கியது. புரட்டாசி முடியும்வரை இப்படியே ஓடினால் போதும். ஆயுத பூஜை லீவு வந்தது. நான் நிம்மதியாக ஊருக்குப் போனேன்.

லீவு முடிந்து வந்து கதவைத் திறந்தேன். குப்பென்று சந்தன வாசம். மிஷினின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. தலையில் மாலை. ஒவ்வொரு பட்டனிலும் குங்குமம். ஒயரின் முனையில் எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. என் பட்டையின் நடுவயிற்றில், பிளாஸ்டிக் தாளின்மேல், பெரிதாக ஒரு சந்தனப்பொட்டு. திரை கறுத்துக் கிடந்தது.

பெருக்குகிற அக்கா பின்னாலேயே ஓடிவந்தார். "நாஞ் சொன்னேம்மா, அந்தப் புள்ள வையும்னு. கேக்கலியே. கதவுல சீட்டு ஒட்டிருக்குன்னேன். சாமிக்கு ஏது சீட்டுன்னுட்டாக."

நான் அவரைத் தேடிப் போகவில்லை, பாய்ந்தேன். ஜெனரேட்டர் அறை வாசலில் பொரி தின்றுகொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு சார் அமத்துனீங்க?"

"ஆயுத பூஜைக்கு மிஷினு ஓடலாமாம்மா?" ரொம்ப சாந்தமாகக் கேட்டார். "வருசத்துல ஒருநா அதுவும் ஓயட்டும்னு தான கும்புடுறோம். காலேஜு வேன்ல இருந்து மாவாட்டுற மிஷினு வரைக்கும் நின்னுச்சு. ஒம்மிஷினு மட்டும் என்ன, ஒசத்தியா?"

"பிரின்சிபால் ஆர்டர் இருக்கு!"

"பிரின்சிபால் காருக்கும் நாந்தான் பொட்டு வச்சேன். நீ பரளச்சிக்காரிதான? அன்னைக்கு ஒங்கய்யா டிராக்டர எறக்குனாரா காட்டுல? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

அய்யா இறக்கவில்லை. மழைக்கு முன்னால் உழுதாக வேண்டிய அவசரத்திலும், டிராக்டருக்குப் பொட்டு வைத்து நிறுத்தித்தான் இருந்தார். நானும்தான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். ஆனாலும் அன்று அந்த மனிதரை வெறுத்ததுபோல் நான் வேறு யாரையும் வெறுத்ததில்லை. பொரியை ஒரு கை அள்ளி, "இந்தா, பிரசாதம்" என்று நீட்டினார். வாங்கவில்லை.

புதிதாக ஆரம்பிக்க நாள் இல்லை. பொட்டைத் துடைத்துவிட்டு, அழுதுகொண்டே மிஷினைப் போட்டேன். கோடு எழும்பியது. சும்மா இல்லை, ஒரே தாவாகத் தாவி, பத்து நாளைக்கு முன்னால் இருந்த இடத்துக்குப் போய் நின்றது. பிறகு மறுபடி இறங்கத் தொடங்கியது. அழுகை நின்றுவிட்டது. ராப்பகலாக இறங்கிக்கொண்டே வந்த கோட்டில் ஒரே ஒரு ஓய்வு, உடனே ஒரே ஒரு தாவல். நான் மிஷினைப் போட்டது நடுமத்தியானம், அறை அனலாகக் கொதித்தது. காலைக் குளிர்ச்சி என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஓய்வு கொடுத்தால் பட்டை தேறுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

புரொபசர் பயந்துவிட்டார். "அந்த எடத்த வெட்டிரும்மா. இதக் காட்டுனா, முன்னாடி வந்த கட்டுரைக்கும் பதில் சொல்லணும். பட்டத்துக்கே மோசமாயிரும்." முடியாது என்றேன். தினமும் அணைத்த கோடு, அணைக்காத கோடு, நடுவில் அணைத்த கோடு, மூன்றையும் உள்ளபடி வைத்தேன். பழைய கட்டுரைக்குத் திருத்தமும் எழுதி அனுப்ப வைத்தேன். கிடைத்தால் கிடைக்கட்டும், போனால் போகட்டும். ஆனால் சொல்கிறேன், வாய்மொழித் தேர்வு வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர் சரியாக அந்தத் தாவலில் விரலை வைத்தார். "இந்த எடத்துல ஏன் திடீர்னு ஏறுது? என்ன பண்ணுனீங்க?"

புரொபசர் தரையைப் பார்த்தார்.

"ஆயுத பூஜை சார்" என்றேன்.

ஹாலே சிரித்தது. பரிசோதகர் சிரிக்கவில்லை. முழுக்கச் சொல்லச் சொன்னார், சொன்னேன். தினசரிக் கணக்கையெல்லாம் எடுக்கச் சொல்லிக் குடைந்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கார்பன் இழை ஏதோ கொஞ்சம் ஒதவுது. ஆனா ஒங்க ஆராய்ச்சியிலயே உருப்படியான எடம் இந்த ஓய்வுதாம்மா" என்றார். பட்டம் கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கோ யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. வருஷக்கணக்கில் துணியலசி, இழை கலந்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டது நான். அது ஏதோ கொஞ்சம். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சை அணைத்தது, அது உருப்படியான இடமாம்.

அவர் கடைசி வரிசையில், சுவிட்சுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். டீ குடிக்கிற நேரத்தில், டீயே குடிக்காத அந்த மனிதர், கையில் இரண்டு வடையோடு ஒவ்வொருவரிடமும் போய், "நான் அமத்துனதுனாலதான புள்ளைக்குப் பட்டம் கெடச்சுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதிலும் பொய்யில்லையே, அதுதானே எனக்கு எரிச்சல்!

பிறகு என்னிடம் வந்தார். முதல்தடவையாகக் கூரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, அந்தப் பொஸ்தகத்துல நன்றின்னு ஒரு பக்கம் இருக்குமாமே. அதுல எம் பேரு இருக்கா?"

"இல்ல சார்."

"இனிமே சேக்கலாமா?"

"சேக்க மாட்டேன்."

அந்தப் பக்கத்தில் அய்யா பெயர் இருந்தது, புரொபசர் பெயர் இருந்தது, தண்ணீர் கேன் தூக்கிய அக்காவின் பெயர் முழுசாக இருந்தது. அவர் கையிலிருந்த வடையில் ஒன்றைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். வாசலுக்கு நடந்தார். போகிற போக்கில் கை தானாகச் சுவருக்குப் போயிற்று. டப். என் தலைக்கு மேலே ஓடிய ஃபேன் நின்றது.

இப்போது ரிட்டயராகி, நரிக்குடிப் பக்கம் டீக்கடை பெஞ்சிலெல்லாம் உட்கார்ந்து, ஒரு பொம்பளப் புள்ளைக்குத் தான்தான் டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்கிறாராம். சொல்லிவிட்டுப் போகட்டும். அது எந்தப் பிள்ளை என்று கேட்டால் என் பெயரை அட்சரம் பிசகாமல் சொல்கிறாராம். நானும் அவரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், பெயரை மட்டும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அந்த மனிதர் விஷயத்தில் என் கைக்கு எட்டிய சுவிட்சு அது ஒன்றுதான். அமத்தியே வைத்திருக்கிறேன்.